அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியும் வீரர்களின் தொழில்முறை வாய்ப்புகளும்

அமெரிக்கக் கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், ஏந்திக்கொண்டு ஓடியும் விளையாடப்படும் ஆட்டமாகும். பெயரில் கால் இருந்தாலும் ஆட்டத்தில் கைக்கே வேலை அதிகம். நாம் கால்பந்து என்று அழைக்கும் விளையாட்டு அமெரிக்காவில் சாக்கர் எனப்படுகிறது. இந்த ஆட்டத்தின் மிக உயர்ந்த தொழில்முறைப் போட்டியை நடத்துவது 32 அணிகள் கொண்ட தேசிய கால்பந்துக் கூட்டமைப்பு, சுருக்கமாக என்.எஃப்.எல். அதில் ஆடுவோரில் மிகப் பெரும்பாலோர் கல்லூரி அணிகளிலிருந்து வந்தவர்கள்.

எனவே 18 வயது முதல் 22 வயது வரை ஒரு வீரர் எந்தப் பயிற்சியாளரிடம் இருந்தார், அங்கே என்ன கற்றார், எந்த இடத்தில் நிறுத்தப்பட்டார் என்பவை அவருடைய பிற்கால வாழ்வைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. ஆனால் கல்லூரிப் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுக்கப்படுவது சனிக்கிழமை ஆட்டத்தில் வெற்றி பெறுவதற்காக. மாணவரைத் தொழில்முறைக்குத் தயார் செய்வது அவருடைய முதல் வேலையன்று. பல வேளைகளில் இந்த இரண்டும் ஒன்றாகவே நடக்கும். சில வேளைகளில் பிரிந்துவிடும். பிரியும்போது இழப்பு பெரும்பாலும் வீரருக்கே.

கல்லூரியைத் தவிர வேறு வழி இல்லை

பேஸ்பால் ஆட்டத்தில் பள்ளி முடித்த சிறுவனைத் தொழில்முறை அணி நேரடியாக எடுத்துக்கொண்டு, தன் சிறிய கிளை அணிகளில் வளர்க்கலாம். அமெரிக்கக் கால்பந்தில் அப்படிப்பட்ட கிளை அணிகள் இல்லை. மேலும், ஒருவர் பள்ளிப் படிப்பை முடித்து 3 ஆண்டுகள் ஆகும் வரை என்.எஃப்.எல். அணிகள் அவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது விதி. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழக வீரர் மாரிஸ் கிளாரெட் இவ்விதியை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2004-இல் கீழ் நீதிமன்றத்தில் வென்ற அவர், மேல்முறையீட்டில் தோற்றார். அந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பை எழுதியவர், பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான சோனியா சோட்டோமயோர்.

தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் கல்லூரி வீரர்களை வரிசைமுறைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி டிராஃப்ட் எனப்படுகிறது. முதல் டிராஃப்ட் 1936-இல் நடந்தது. இப்போது 7 சுற்றுகளில் ஏறத்தாழ 260 பேர் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் கணக்குப்படி, தேர்வுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் ஏறத்தாழ 1.6 விழுக்காட்டினரே இவ்வாறு எடுக்கப்படுகிறார்கள்.

எந்த எண்ணில் எடுக்கப்படுகிறார் என்பதும் முக்கியம். 2011 முதல் புதிய வீரரின் ஊதியம் அவருடைய வரிசை எண்ணைக் கொண்டே பெரும்பாலும் முடிவாகிறது. 2020-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜோ பரோவின் 4 ஆண்டு ஒப்பந்தம் ஏறத்தாழ 3.6 கோடி டாலர். 2022-இல் கடைசி ஆளாக, 262-ஆவது எண்ணில் எடுக்கப்பட்ட பிராக் பர்டியின் 4 ஆண்டு ஒப்பந்தம் 40 இலட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. ஆட்டம் ஒன்றுதான், இருவர் நின்ற இடமும்கூட ஒன்றுதான்.

ஓராண்டில் மாறிய மதிப்பு

அந்த இடத்தின் பெயர் குவாட்டர்பேக். ஒவ்வொரு முறையும் பந்தைக் கையில் வாங்கி, யாருக்கு எறிவது, யாரிடம் கொடுப்பது என்று இரண்டு மூன்று நொடிகளில் முடிவெடுப்பவர் அவரே. பயிற்சியாளரின் தாக்கம் மிகத் தெளிவாகத் தெரிவதும் இவரிடம்தான்.

மேலே கூறிய ஜோ பரோ முதலில் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே முதன்மை ஆட்டக்காரராகும் வாய்ப்புக் கிடைக்காமல் 2018-இல் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அந்த ஆண்டில் அவர் எறிந்தவற்றில் 57.8 விழுக்காடு உரியவரைச் சேர்ந்தது. 16 டச் டவுன்கள் கிடைத்தன. குறை சொல்ல முடியாத கணக்கு, ஆனால் யாரையும் திரும்பிப் பார்க்க வைப்பதன்று. அவ்வளவில் நின்றிருந்தால் கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டிருப்பார்.

2019-இல் ஜோ பிரேடி என்ற இளம் பயிற்சியாளர் அங்கே உதவிக்கு வந்தார். அதற்கு முன் அவர் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் என்ற தொழில்முறை அணியில் பணியாற்றியவர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஸ்டீவ் என்ஸ்மிங்கருடன் சேர்ந்து, செயின்ட்ஸ் அணியின் எறிதல் முறைகளைக் கல்லூரிக்கு ஏற்றபடி புகுத்தினார். 5 பேரைப் பந்து வாங்க அனுப்பிவிட்டு, களத்தைப் படித்து முடிவெடுக்கும் பொறுப்பைப் பரோவிடமே விட்டனர். அந்தப் பருவத்தில் எறிதல் துல்லியம் 76.3 விழுக்காடு, டச் டவுன்கள் 60. அணி 15 ஆட்டங்களிலும் வென்று தேசியப் பட்டம் பெற்றது. சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை பரோவுக்குக் கிடைத்தது. 2020 டிராஃப்டில் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து 14 பேர் தேர்வாயினர். அவர்களில் 5 பேர் முதல் சுற்றில்.

பயிற்சியாளர் மட்டுமே காரணம் என்று கூறிவிட முடியாது. பரோவின் எறிதலை வாங்கிய ஜஸ்டின் ஜெஃபர்சன், ஜமார் சேஸ் இருவரும் பின்னர் என்.எஃப்.எல்.-இன் முன்னணி வீரர்களானவர்கள். அத்தகையோர் எதிரே ஓடும்போது எறிபவரின் கணக்கும் உயரத்தானே செய்யும். என்றாலும் 2018-இலும் பரோ, ஜெஃபர்சன், சேஸ் மூவரும் அதே அணியில்தான் இருந்தார்கள். வயதும் அனுபவமும் ஓராண்டு கூடியது உண்மை. அதைவிடப் பெரிய மாற்றம் கற்பித்த முறையில் வந்தது. பிரேடி 2020 சனவரியில் தொழில்முறை அணிக்கே திரும்பிவிட்டார். பரோவும் போய்விட்டார். அடுத்த பருவத்தில் அந்த அணி 5 ஆட்டங்களில் வென்று 5 ஆட்டங்களில் தோற்றது.

கல்லூரிக்கு உதவும் முறை, பின்னாளில் தடையாகும் முறை

கல்லூரி ஆட்டத்துக்கும் தொழில்முறை ஆட்டத்துக்கும் விதிகளில் சில வேறுபாடுகள் உண்டு. பார்க்கச் சிறியவை போலத் தோன்றினாலும் பயிற்சியில் இவற்றின் விளைவு பெரியது.

களத்தின் நீளவாக்கில் இரு வரிசைக் குறிகள் போடப்பட்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ஆட்டம் இந்தக் குறிகளின் மீதோ இடையிலோதான் தொடங்கும். கல்லூரிக் களத்தில் இவற்றுக்கிடையே 40 அடி, என்.எஃப்.எல். களத்தில் 18 அடி 6 அங்குலம். ஆகவே கல்லூரியில் பந்து ஓரமாக இருக்கும்போது மறுபக்கம் பரந்த வெளி கிடைக்கிறது. வேகமான வீரரை அந்த வெளியில் ஓடவிட்டாலே போதும். தொழில்முறையில் அந்த வெளி சுருங்கிவிடுகிறது. இன்னொன்று: எறிதலின்போது முன்வரிசைத் தடுப்பாளர்கள் கல்லூரியில் 3 கெஜம் வரை முன்னேறலாம், என்.எஃப்.எல்.-இல் 1 கெஜம்தான். ஓட்டம் போலக் காட்டிக் கடைசி நொடியில் எறியும் உத்தி கல்லூரியில் அவ்வளவு எளிதாகப் பலிப்பதற்கு இது ஒரு காரணம். பந்தைப் பிடிப்பவர் கல்லூரியில் ஒரு காலை எல்லைக்குள் ஊன்றினால் போதும்; மேலே போனால் இரண்டு காலும் வேண்டும்.

கல்லூரிப் பயிற்சியாளர் இந்த விதிகளைப் பயன்படுத்திக்கொள்வது இயல்பே. அவருக்கு வாரத்தில் 20 மணி நேரமே அதிகாரப்பூர்வப் பயிற்சி நேரம். வீரர்கள் ஆண்டுதோறும் மாறுகிறார்கள். எனவே எளிய முறையை விரைவாகக் கற்பித்து, நல்ல வேகமும் உடல்வலுவும் உள்ளவரைக் கொண்டு வெல்லப் பார்க்கிறார். களத்துக்கு வெளியே நிற்பவர்கள் படப் பலகையைத் தூக்கிக் காட்டுவார்கள். குவாட்டர்பேக் அதைப் பார்த்து ஆடினால் போதும். தொழில்முறையிலோ தலைக்கவசத்துக்குள் வரும் நீண்ட கட்டளையைக் கேட்டு, அதைப் பிசகாமல் மற்ற 10 பேருக்கும் திருப்பிச் சொல்லி, எதிரணியின் நிலையைப் பார்த்து அவரே அதை மாற்றவும் வேண்டும். கல்லூரியில் இதைச் செய்தே பார்க்காதவர் முதல் ஆண்டில் திணறுகிறார். கல்லூரிகளின் உயர்பிரிவிலும் 2024 முதல் தலைக்கவச ஒலித்தொடர்பு அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் எரிக் கிரௌச், குவாட்டர்பேக்கே பந்தோடு ஓடும் முறையில் ஆடி 2001-இல் ஹைஸ்மன் கோப்பை வென்றார். தொழில்முறை அணி அவரை எடுத்தது மூன்றாம் சுற்றில், அதுவும் பந்தைப் பிடிக்கும் ஆட்டக்காரராக. என்.எஃப்.எல். பருவ ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. புளோரிடா பல்கலைக்கழகத்தின் டிம் டீபோ நிலை வேறு. அர்பன் மேயர் பயிற்சியில் இரண்டு தேசியப் பட்டங்களில் பங்கு, 2007-இல் ஹைஸ்மன், 2010-இல் முதல் சுற்றுத் தேர்வு என எல்லாம் கிடைத்தன. ஆனால் கையை மிகக் கீழிருந்து சுழற்றி எறியும் அவருடைய பழக்கம் கல்லூரியில் திருத்தப்படவில்லை. திருத்த வேண்டிய தேவையே அங்கு எழவில்லை, ஏனென்றால் அப்படியே வென்றுகொண்டிருந்தார்கள். டென்வர் அணியை ஒரு பருவம் இறுதிச் சுற்றுகளுக்கு அழைத்துச் சென்றபோதிலும், 2012-க்குப் பிறகு அவருக்குக் குவாட்டர்பேக்காக இடம் கிடைக்கவில்லை.

இதை வைத்து, எளிய முறையில் ஆடியவர்கள் எல்லாரும் தோற்பார்கள் என்று கருதுவது தவறு. டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஓயாமல் எறியும் முறை நெடுங்காலமாக உண்டு. அங்கிருந்து வந்த கிரகாம் ஹாரெல் கல்லூரியில் 15,000 கெஜத்துக்கு மேல் எறிந்தும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை; ஆட்ட முறையால் வந்த எண்ணிக்கை என்று அணிகள் ஒதுக்கிவிட்டன. அதே பல்கலைக்கழகத்திலிருந்து 2017-இல் வந்த பாட்ரிக் மஹோம்ஸை கேன்சஸ் சிட்டி அணி 10-ஆவது எண்ணில் எடுத்தது. எடுத்த உடனே களத்தில் இறக்காமல், அனுபவமுள்ள அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் ஓராண்டு உட்காரவைத்துக் கற்பித்தது. மஹோம்ஸ் மூன்று சூப்பர் பவுல் பட்டங்கள் வென்றார். கல்லூரியில் விட்டுப்போன பாடத்தை மேலே போய்ப் படிக்கலாம். பொறுமையாகக் கற்பிக்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

நிற்கும் இடத்தை மாற்றுதல்

ஒரு வீரரை வேறு இடத்தில் நிறுத்திப் பார்ப்பது பயிற்சியாளர் செய்யக்கூடிய மிகப் பெரிய நன்மை. மிகப் பெரிய தீங்கும் அதுவே ஆகலாம்.

நன்மைக்கு ஜே. ஜே. வாட் ஓர் எடுத்துக்காட்டு. மத்திய மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டைட் எண்ட் என்ற தாக்குதல் இடத்தில் ஆடிய அவர், கிடைத்த உதவித்தொகையை விட்டுவிட்டு, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகை இல்லாத ஆட்டக்காரராகச் சேர்ந்தார். இடையில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் பார்த்தார். விஸ்கான்சினில் தற்காப்பு முன்வரிசைக்கு மாற்றப்பட்டார். 2011-இல் 11-ஆவது எண்ணில் எடுக்கப்பட்டு, என்.எஃப்.எல்.-இன் ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை மூன்று முறை பெற்றார்.

தீங்குக்கு எடுத்துக்காட்டு ஒருவரல்லர், ஒரு தலைமுறை. கறுப்பின வீரர்கள் குவாட்டர்பேக் இடத்துக்கு ஏற்றவர்கள் அல்லர் என்ற எண்ணம் 1970-களிலும் தொழில்முறை அணிகளில் நிலவியது. வேகமாக ஓடுவார்கள், ஆட்டத்தை நடத்த மாட்டார்கள் என்ற அந்த முன்முடிவால், பள்ளியிலும் கல்லூரியிலும் குவாட்டர்பேக்காக ஆடியவர்களைப் பந்து பிடிப்பவர்களாகவோ பின்வரிசைத் தற்காப்பாளர்களாகவோ மாற்றினார்கள். 1968-இல் டென்வர் அணியில் குவாட்டர்பேக்காகச் சிறப்பாக ஆடிய மார்லின் பிரிஸ்கோகூட அடுத்த ஆண்டு பஃபலோ அணிக்குப் போய், பந்து பிடிப்பவராக மாற வேண்டியிருந்தது.

லூசியானா மாநிலத்தில் கிராம்பிளிங் என்ற சிற்றூரில் கறுப்பின மாணவர்களுக்கான கல்லூரி ஒன்று இருந்தது. எடி ராபின்சன் 1941-இல் தம் 22-ஆம் வயதில் அங்கே பயிற்சியாளராகச் சேர்ந்து, 1997 வரை அதே பணியில் இருந்தார். வென்ற ஆட்டங்கள் 408. தொழில்முறை அணிகளுக்கு 200-க்கும் மேற்பட்டவர்களை அனுப்பினார். 1949-இல் அவருடைய மாணவர் டேங்க் யங்கர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியில் சேர்ந்தபோது, கறுப்பினக் கல்லூரியிலிருந்து என்.எஃப்.எல்.-க்குச் சென்ற முதல் வீரரானார். வில்லி டேவிஸ், பக் புக்கனன், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னர் ஆகிய நால்வர் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மன்றத்தில் இடம்பெற்றனர்.

தற்காப்பு வீரர்களையும் ஓட்டக்காரர்களையும் அனுப்பிய ராபின்சன், குவாட்டர்பேக் ஒருவரையும் அனுப்பியாக வேண்டும் என்று முனைந்தார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற மாணவரை, அவருடைய உயரத்தையும் வேகத்தையும் பார்த்து வேறு இடத்துக்கு மாற்றாமல், தொழில்முறை அணிகள் ஆடும் முறையிலேயே பந்து எறியப் பழக்கினார். பின்வாங்கி நின்று எறிதல், எதிரணியின் அமைப்பைப் படித்தல் எல்லாம் அதில் அடக்கம். ஓட்டக்காரர் என்று முத்திரை குத்தி இடம் மாற்றுவதற்கு யாருக்கும் சாக்குக் கிடைக்கக் கூடாது என்பதே நோக்கம். 1969-இல் ஹாரிஸ் பஃபலோ அணிக்கு எட்டாம் சுற்றில்தான் எடுக்கப்பட்டார். ஆனால் அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே தொடக்க குவாட்டர்பேக்காக இறங்கினார். பருவத்தை அவ்வாறு தொடங்கிய முதல் கறுப்பினத்தவர் அவரே.

அடுத்து டக் வில்லியம்ஸ். 1978-இல் தாம்பா பே அணி அவரை 17-ஆவது எண்ணில், முதல் சுற்றிலேயே எடுத்தது. 1988 சனவரி 31 அன்று நடந்த சூப்பர் பவுலில் வாஷிங்டன் அணிக்காக ஆடி, இரண்டாம் கால்பகுதியில் மட்டும் 4 டச் டவுன்கள் எறிந்தார். 42-10 என்ற கணக்கில் வாஷிங்டன் வென்றது. சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே. சூப்பர் பவுல் வென்ற முதல் கறுப்பின குவாட்டர்பேக் அவர். ராபின்சன் ஓய்வு பெற்றபோது கிராம்பிளிங்கில் அவருடைய இடத்துக்கு வந்தவரும் வில்லியம்ஸ்தான்.

உதவிப் பயிற்சியாளர்களின் பங்கு

செய்தித்தாள்களில் தலைமைப் பயிற்சியாளரின் பெயர்தான் வரும். நாள்தோறும் அருகில் நின்று கால் வைப்பதையும் கை வைப்பதையும் திருத்துபவர்கள், ஒவ்வோர் இடத்துக்கும் உரிய உதவிப் பயிற்சியாளர்கள். தொழில்முறை அணிகளின் ஸ்கவுட்டுகள், அதாவது திறமையைத் தேடிச் செல்லும் ஊழியர்கள், இதை நன்கு அறிவார்கள்.

ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பந்து பிடிப்பவர்களுக்குப் பயிற்சி அளித்த பிரையன் ஹார்ட்லைன் தாமே என்.எஃப்.எல்.-இல் அந்த இடத்தில் ஆடியவர். அவரிடம் பயின்ற கேரட் வில்சன், கிறிஸ் ஒலாவே இருவரும் 2022-இல் 10, 11 ஆகிய அடுத்தடுத்த எண்களில் எடுக்கப்பட்டனர். 2023-இல் ஜாக்சன் ஸ்மித்-எஞ்சிக்பா, 2024-இல் மார்வின் ஹாரிசன் இளையவர், 2025-இல் எமேக்கா எக்புக்கா எல்லாரும் முதல் சுற்று. இப்படிப் பெயர் எடுத்துவிட்டால், நாட்டின் சிறந்த பள்ளி வீரர்கள் தாமாகவே அங்கே வந்து சேர்கிறார்கள். பிறகு பயிற்சியின் பயன் எவ்வளவு, வந்தவரின் திறமை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கடினமாகிவிடுகிறது.

ஐயோவா பல்கலைக்கழகம் இதற்கு மறுகோடி. 1999 முதல் அங்கே தலைமைப் பயிற்சியாளராக உள்ள கர்க் ஃபெரன்ஸ், முன்பு என்.எஃப்.எல்.-இல் முன்வரிசைத் தடுப்பாளர்களுக்குப் பயிற்சி அளித்தவர். முன்வரிசைத் தடுப்பாளர்களும் டைட் எண்ட்களும் அங்கிருந்து தொடர்ந்து மேலே செல்கிறார்கள். 2019-இல் டி. ஜே. ஹாக்கன்சன், நோவா ஃபான்ட் என்ற இரு டைட் எண்ட்கள் ஒரே கல்லூரியிலிருந்து முதல் சுற்றில் எடுக்கப்பட்டார்கள். அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அந்த முறையில் குவாட்டர்பேக்குக்கு அவ்வளவு நன்மை இல்லை. 2023 பருவத்தில் கெஜக் கணக்கில் நாட்டின் உயர்பிரிவு அணிகளிலேயே ஐயோவாவின் தாக்குதல்தான் கடைசி. முன்னேற முடியாத அணி பந்தை உதைத்து எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். ஓயாமல் அந்த வேலையைச் செய்த உதைப்பாளர் டோரி டெய்லர் 2024-இல் நான்காம் சுற்றிலேயே எடுக்கப்பட்டார். ஒருவருக்கு நட்டமான ஆட்ட முறை இன்னொருவருக்கு இலாபமாவதும் உண்டு.

உருவாக்கினாரா, பொறுக்கி எடுத்தாரா

அலபாமா பல்கலைக்கழகத்தில் 2007 முதல் 2023 பருவம் வரை பயிற்சி அளித்த நிக் சேபன் அங்கே 6 தேசியப் பட்டங்கள் வென்றார். அவரிடம் இருந்தவர்களில் 40-க்கும் மேற்பட்டோர் முதல் சுற்றில் எடுக்கப்பட்டனர். 2021-இல் மட்டும் 6 பேர். ஆனால் அலபாமாவுக்கு வருபவர்கள் பள்ளியிலேயே நாட்டின் முன்னணி வீரர்களாக மதிப்பிடப்பட்டவர்கள். முதல் மதிப்பெண் மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் பள்ளி நூறு விழுக்காடு தேர்ச்சி காட்டுவதைப் போன்றதா இது என்ற ஐயம் எழுவது நியாயமே.

முழுவதும் அப்படியன்று. சேபன் முன்பு கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணியில் பில் பெலிசிக்கின் கீழ்த் தற்காப்பு ஒருங்கிணைப்பாளராக இருந்தவர். மயாமி டால்ஃபின்ஸ் அணிக்கும் பயிற்சி அளித்தவர். அவருடைய தற்காப்பு முறை தொழில்முறை அணிகளின் முறையை ஒட்டியதாகவே இருந்தது. தினப் பயிற்சியிலேயே பிற்கால என்.எஃப்.எல். வீரரை எதிர்த்து நிற்க வேண்டிய நெருக்கடியும் அங்கே இருந்தது. அந்த நெருக்கடியின் மறுபக்கம், உட்கார வைக்கப்படுவது. 2018 சனவரியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தின் இடைவேளையில், சேபன் தொடக்க குவாட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸை நிறுத்திவிட்டு, முதலாண்டு மாணவர் டுவா டகோவைலோவாவை இறக்கினார். அலபாமா வென்றது. கல்லூரிக்கு அது சரியான முடிவு. ஹர்ட்ஸ் மேலும் ஓராண்டு அங்கே இரண்டாம் நிலையில் இருந்து, பட்டம் பெற்று, ஒக்லஹோமா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே லிங்கன் ரைலியிடம் ஆடிய ஒரு பருவம் அவருடைய எறிதலைப் பற்றிய ஐயங்களைக் குறைத்தது. 2020-இல் 53-ஆவது எண்ணில் ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தது. 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் வென்று சிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார்.

பயிற்சியாளர்களின் மதிப்பீடு தவறிய புகழ்பெற்ற நிகழ்வு டாம் பிரேடியுடையது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1999 பருவத்தின் முற்பாதியில், தலைமைப் பயிற்சியாளர் லாயிட் கார் முதல் கால்பகுதியைப் பிரேடிக்கும் இரண்டாம் கால்பகுதியை ட்ரூ ஹென்சன் என்ற இளையவருக்கும் கொடுத்து, நன்றாக ஆடியவரைப் பிற்பாதிக்கு அனுப்பினார். கல்லூரியே முழுதாக நம்பாத ஒருவரைத் தொழில்முறை அணிகளும் நம்பவில்லை. 2000-இல் 199-ஆவது எண்ணில் எடுக்கப்பட்ட பிரேடி 7 சூப்பர் பவுல் பட்டங்கள் வென்றார்.

முன்பு கூறிய பிராக் பர்டியின் நிலை சற்று வேறு. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேட் கேம்பலிடம் 4 ஆண்டுகள் தொடர்ந்து ஆடும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. உயரமும் கைவலுவும் போதாது என்று கடைசியாக எடுக்கப்பட்டாலும், களத்தில் கழித்த அந்த நேரம் வீண்போகவில்லை. 2024 பிப்ரவரி சூப்பர் பவுலில் சான் பிரான்சிஸ்கோ அணியின் குவாட்டர்பேக் அவரே.

உடலுக்கு வரும் விலை

வீரரின் ஒரே முதலீடு அவருடைய உடல். தென் கரோலினா பல்கலைக்கழக ஓட்டக்காரர் மார்கஸ் லாட்டிமோருக்கு 2011-இலும் 2012-இலும் முழங்காலில் கடுமையான காயம் ஏற்பட்டது. 2013-இல் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்டும், ஒரு பருவ ஆட்டத்தில்கூட இறங்க முடியாமல் ஓய்வு பெற்றார். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் ஜேலன் சுமித்துக்கு 2016 சனவரி 1 அன்று, கல்லூரி வாழ்வின் கடைசி ஆட்டத்தில் முழங்கால் போனது. முதல் சில எண்களில் எடுக்கப்பட வேண்டியவர் 34-ஆவது எண்ணுக்கு இறங்கினார். அந்த ஆண்டு டிசம்பரில் லியனார்ட் ஃபோர்னட், கிறிஸ்டியன் மெக்காஃப்ரி இருவரும் தங்கள் கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தனர். அணியைக் கைவிட்டார்கள் என்று பலர் பழித்தார்கள். 2017-இல் அவர்கள் முறையே 4, 8 ஆகிய எண்களில் எடுக்கப்பட்டனர். இன்று அப்படி விலகுவது வழக்கமாகிவிட்டது.

இவை ஆட்டத்தில் நேர்ந்தவை. பயிற்சியிலேயே நேர்ந்தது இன்னும் கொடியது. 2018 மே மாத இறுதியில் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஓட்டப் பயிற்சியின்போது ஜோர்டன் மெக்நேர் என்ற 19 வயது வீரர் வெப்பத் தாக்குதலுக்கு உள்ளானார். உடலை உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்திக் குளிர்விக்கும் அடிப்படைச் சிகிச்சை உரிய நேரத்தில் அளிக்கப்படவில்லை. இரண்டு வாரங்களில் அவர் இறந்தார். பல்கலைக்கழகம் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டது. தலைமைப் பயிற்சியாளர் அக்டோபர் இறுதியில் நீக்கப்பட்டார்.

வீரருக்குக் கிடைத்த புதிய உரிமைகள்

நெடுங்காலம் பயிற்சியாளர் நினைத்தபோது வேறு கல்லூரிக்குப் போகலாம். வீரர் போனால் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும். 2021-இல் ஒருமுறை தடையின்றி மாறலாம் என்றும், 2024-இல் எத்தனை முறையும் மாறலாம் என்றும் விதி தளர்ந்தது. 2021 சூலை முதல் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெறவும் மாணவர்களுக்கு அனுமதி கிடைத்தது.

லிங்கன் ரைலி 2021 இறுதியில் ஒக்லஹோமாவை விட்டுத் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, அவருடைய குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் பின்தொடர்ந்தார். 2022-இல் ஹைஸ்மன் கோப்பை வென்ற அவர் 2024-இல் முதல் எண்ணில் எடுக்கப்பட்டார். பழைய விதி இருந்திருந்தால், தமக்குக் கற்பித்தவர் போனபின் அங்கேயே இருப்பதா, ஓராண்டை இழப்பதா என்று அவர் திகைத்திருக்க வேண்டும். இதற்கு எதிர்விளைவும் இல்லாமல் இல்லை. ஈராண்டு பொறுமையாகக் கற்பித்தால் தேறக்கூடிய மாணவருக்கு நேரம் செலவிடுவதைவிட, வேறு கல்லூரியில் தேர்ந்த ஒருவரை வரவழைப்பது பயிற்சியாளருக்கு எளிதாகிவிட்டது.

மேலே செல்லாத பெரும்பான்மையினர்

நூறில் 98 பேருக்குத் தொழில்முறை ஆட்டம் இல்லை என்றால், பயிற்சியாளர் அவர்களுக்கு என்ன செய்தார் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியே. ராபின்சன் காலையில் விடுதிக்குள் பசுவின் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டே நடந்து, வீரர்களை வகுப்புக்கு எழுப்பிவிடுவார். எல்லாப் பயிற்சியாளர்களும் அப்படியில்லை. கடினமான பாடத்தை எடுத்தால் பயிற்சிக்கு இடைஞ்சல் என்று மாணவரை எளிய பாடங்களுக்குத் திருப்பிவிடும் வழக்கம் பற்றிய குற்றச்சாட்டு அமெரிக்கக் கல்லூரிகளில் பழையது.

புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பின்வரிசைத் தற்காப்பாளர் மைரன் ரோல் மருத்துவராக விரும்பியவர். 2008 நவம்பரில் ரோட்ஸ் உதவித்தொகைக்கான நேர்காணலும் மேரிலாந்துக்கு எதிரான ஆட்டமும் ஒரே நாளில் வந்தன. அணி அவரை நேர்காணலுக்கு அனுப்பியது; ஆட்டம் தொடங்கிய பிறகே அவர் மைதானத்துக்கு வந்து சேர்ந்தார். உதவித்தொகை கிடைத்தது. டிராஃப்டை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். திரும்பி வந்தபோது, இவருக்குக் கால்பந்தில் உண்மையான ஈடுபாடு உண்டா என்று தொழில்முறை அணிகள் ஐயுற்றன. 2010-இல் டென்னசி அணி ஆறாம் சுற்றில்தான் எடுத்தது. பருவ ஆட்டம் ஒன்றிலும் அவர் இறங்கவில்லை. பின்னர் மருத்துவம் படித்து, பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பயிற்சி பெற்று, மூளை நரம்பியல் அறுவை மருத்துவரானார்.